பிரித்துக் கொடுத்த குப்பை

பிப்ரவரி 11, 2025 – செவ்வாய்

குப்பையைப் பிரித்துக் கொடுக்க கல்யாணம் சார் இன்று சம்மதித்துவிட்டார். அந்தத் தெருவில் மிச்சம் இருந்தது அவர் வீடு மட்டும்தான். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பக்கவாதம் வந்து படுக்கையில். நான் கேட்டைத் திறக்கும்போதெல்லாம், "குப்பையிலே கூட ஜாதி பிரிக்கறேளாம்மா?" என்று கேட்டு அனுப்பிவிடுவார்.

இன்று உட்காரச் சொன்னார். காய்கறித் தோல், மிஞ்சிய சாதம் எல்லாம் பச்சை டப்பா. பால் கவர், பாட்டில், அட்டை நீல டப்பா. டயப்பரைத் தனியாகத் தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு புள்ளி வைக்க வேண்டும், எடுக்கிறவர்களுக்குத் தெரிய. இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பால் கவரை அலம்பிப் போடணுமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வந்துவிட்டால் போதும். அந்த வீடு நம் பக்கம்.

வீட்டுக்கு வந்தால் மாமி, சவூதியில் தம்மாமில் இருக்கும் தன் மகனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார், என் காதில் விழும்படியாகவே. "ஒம் பொண்டாட்டி எம்.எஸ்ஸி. படிச்சுட்டு ஊரான் வூட்டு எச்சிய கெளறிக்கிட்டு வர்றா." அந்தப் பக்கம் ஜாஹித் மச்சான் என்ன பதில் சொன்னாரோ. நகராட்சியில் எனக்குப் பதவி 'பரப்புரையாளர்'. மாமி வாயில் அது நுழையாது. நுழைந்தாலும் சொல்ல மாட்டார்.

பிப்ரவரி 20 – வியாழன்

மேலத்தெருவில் ஒரு பச்சை டப்பாவைத் திறந்தேன். செத்த பூனைக்குட்டி, அதன் மேல் பழைய பிரியாணி. "மக்குறதெல்லாம் போடச் சொன்னது நீங்கதானங்க" என்றாள் அந்த வீட்டுக்காரி.

மார்ச் 6 – வியாழன்

நோன்பு. வெயில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகாமல் இருந்திருக்கலாம்.

நகராட்சி பேட்டரி வண்டிகள் அங்கே வரிசையாக நின்றன. பச்சைத் தொட்டியைத் தூக்கி லாரியில் கவிழ்த்தார்கள். பிறகு நீலத் தொட்டியைத் தூக்கினார்கள் — அதே லாரியில், அதே குவியலின் மேல். நான் தெருத்தெருவாகப் போய், கையெடுத்துக் கும்பிட்டுப் பிரிக்க வைத்த குப்பை! அதோடும் விடவில்லை. சாக்கடையிலிருந்து வாரிய கறுப்புச் சேற்றை மண்வெட்டியால் அள்ளி அதன் மேல் போட்டார்கள். நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. துப்பத்தான் முடிந்தது. துப்பினேன்.

எங்கள் தெருவுக்கு வண்டி ஓட்டிவரும் ஆனந்தம் அக்காவைப் பிடித்துக் கேட்டேன்.

"என்னக்கா இது?"

"எங்கிட்ட கேட்டா? பிரிச்சுக் கொண்டாந்தா எடை கொறையுதுன்னு சூப்பர்வைசர் வையிறான். அதான் சேத்தையும் போட்டுக்கறான்."

"அப்ப நீலத் தொட்டி எதுக்கு?"

"நீ கேப்பேன்னுதான்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

மார்ச் 7 – வெள்ளி

சுகாதார ஆய்வாளர் தியாகராசன் சாரிடம் போய்ச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டன்னுக்குத்தாம்மா கான்ட்ராக்ட் கம்பெனிக்கு பில்லு. நீ பாட்டுக்கு எல்லாத்தையும் பிரிச்சுட்டா டன் எங்கேருந்து வரும்?"

"பிரிச்சு வாங்குறதுக்குன்னுதானே சார் அரசாங்கம் நிதி குடுக்குது?"

"குடுக்குது. குப்பை அள்ளத்தான செலவாகுது? வேற எங்கயும் போயிடலையே."

தரம் பிரிக்கக் கட்டிய ஷெட்டைப் பற்றிக் கேட்டேன். ஆள் போட நிதி இல்லையாம், பூட்டி வைத்திருக்கிறார்களாம். உள்ளே விழா நாற்காலிகள் அடுக்கியிருப்பதை நானே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

"உன் வேலை பேசறது. போய்ப் பேசும்மா" என்றார்.

பேசினேன். சாயங்காலம் இன்னும் ஒரு தெரு. "பிரிச்சுக் குடுங்கம்மா, உரமாகும், மறுசுழற்சிக்குப் போகும்." நோன்பு வைத்த வாயால் பொய். பேசாமல் சாப்பிட்டிருக்கலாம்.

ஏப்ரல் 9 – புதன்

தூய்மை நகரம் என்று மதிப்பெண் போட வெளியூரிலிருந்து குழு வந்தது. ஒரே ஒரு தெருவுக்கு வெள்ளையடித்து, கோலம் போட்டு, பெண்களுக்கு ஒரே நிறத்தில் புடவை கொடுத்து, கையில் இரண்டு டப்பாவோடு நிற்க வைத்தார்கள். ஷெட்டிலிருந்து நாற்காலியை எடுத்து வெளியே போட்டார்கள். உள்ளே அட்டைப்பெட்டிகளை அடுக்கி, 'மறுசுழற்சிக்குத் தயார்' என்று எழுதி ஒட்டினார்கள்.

நான்தான் விளக்கிச் சொன்னேன். அந்தக் குழுவில் ஒரு அம்மா என் தோளைத் தட்டி, "ரொம்ப நல்லா பேசறீங்க" என்றார். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அரை நிமிஷம் போதும். சொன்னேனா? இல்லை. சம்பளம் நினைவுக்கு வந்தது. குழு சாப்பிட்டுப் போட்ட தண்ணீர் பாட்டில்கள் இலையோடு சேர்ந்து கிடந்தன. சாம்பார் வழிய வழிய ஒரே கோணியில் கட்டினார்கள்.

குளித்தும் நாறுகிற மாதிரியே இருக்கிறது. என் மேல்தான் நாற்றமா? சீ.

ஜூன் 27 – வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. கல்யாணம் சாருக்கு ஊர் எல்லையில் கொஞ்சம் நிலம் உண்டு. குறுவைக்கு போர்வெல் தண்ணீரில் நாற்று விட்டிருந்தார். காலையில் போன் செய்து, "உடனே வயலுக்கு வாங்கோ" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

நடவுக்கு வந்த பெண்கள் வரப்பிலேயே நின்றிருந்தார்கள். வயலில் தண்ணீரே தெரியவில்லை. பை, கவர், தெர்மாகோல், செருப்பு. எடை போட்ட பிறகு கம்பெனி லாரி குப்பையை எங்கே கொட்டுகிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேலே வாய்க்கால் கரையில் கொட்டியிருக்கிறார்கள். தண்ணீர் வந்ததும் மொத்தத்தையும் அரித்துக்கொண்டு மதகு வழியாக வயலுக்குள் தள்ளிவிட்டது.

அதற்கு நடுவில் டயப்பர்கள். தண்ணீர் குடித்து ஊதி, தலையணை மாதிரி. சுற்றியிருந்த தாள் பிய்ந்து தொங்கியது. சிவப்பு மை கலைந்திருந்தது, ஆனாலும் தெரிந்தது. பக்கத்திலேயே பெங்களூரிலிருந்து அவர் மகன் ரகுராமன் அனுப்பிய மருந்துக் கவர். மேலே சாருடைய பெயரும் விலாசமும்.

ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க அய்யா, இதுல எறங்க முடியாது" என்றார். எல்லோரும் போய்விட்டார்கள்.

சார் என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னேள்னுதானேம்மா அலம்பி அலம்பிக் குடுத்தேன்" என்றார். "அவளுக்குத் தெரிஞ்சா உயிரை விட்டுடுவா. இத்தனை பேர் பார்த்துட்டாளே."

செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினேன். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முடிந்தவரை பொறுக்கினோம். நாற்று போச்சு.

ஜூன் 28 – சனி

நகத்துக்குள் இன்னும் அந்தச் சேறு. சோற்றில் கை வைக்க முடியவில்லை. மாமி எதுவும் கேட்காமல் ஸ்பூனைக் கொண்டுவந்து வைத்தார்.

ஜூலை 5 – சனி

வார்டு கூட்டம். பள்ளிக்கூட ஹாலில். எப்போதும் நாலு பேர் வருவார்கள், இன்று ஹால் நிறைய. வயல் சேதி பரவியிருக்கிறது. வார்டு உறுப்பினர் மதிவாணன் மேசைக்குப் பின்னால். பக்கத்தில் தியாகராசன் சார்.

மதிவாணன் ஆரம்பித்தார். "வீடு வீடா பிரிச்சு வாங்குற திட்டம் நல்ல திட்டந்தாங்க. நிதி பத்தல. மேலேருந்து வரணும்." வெளியே அவர் பெயர் போட்ட நுழைவு வளைவுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. அதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது நிதி?

அப்போது கல்யாணம் சார் எழுந்து போனார். கையில் ஒரு மஞ்சப்பை. அதை மதிவாணனுக்கு முன்னால் மேசைமேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். பையிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்து காகிதங்களை நனைத்தது. நாற்றம் கடைசி வரிசை வரைக்கும் வந்தது.

"என்ன சார் இது?" மதிவாணன் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"என் மனைவியோடது. பேப்பர்லே சுத்தி, புள்ளி வச்சு, உங்க வண்டியிலே குடுத்தேன். என் வயல்லே வந்து கிடந்தது. உங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடறேன்."

அவ்வளவு ஆசாரமான மனுஷர்.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. "நிதி பத்தலன்னு சொல்லாதீங்க சார். வருது. எடைக்குப் போவுது. எடைக்குக் காசு குடுக்கிற வரைக்கும் எவன் பிரிப்பான்? சேத்த அள்ளிப் போட்டு எடை ஏத்துறாங்க, நானே பாத்தேன். எத்தனை வீட்டுல பிரிச்சு வாங்குறாங்களோ அதுக்குக் குடுங்க. ஷெட்டைத் தொறந்து ஆள் போடுங்க. முடியலன்னா என்னைத் தெருவுக்கு அனுப்பாதீங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

தியாகராசன் சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். யாரும் கை தட்டவில்லை. பையை எடுக்கவும் யாரும் வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் அது மேசைமேலேயே இருந்தது.

ஜூலை 31 – வியாழன்

என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தியாகராசன் சார் போனில் சொன்னார். அடையாள அட்டையையும் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் பச்சைக் கோட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். கோட்டைத் துவைத்துக் கொடுக்க வேண்டுமாம். துவைத்து! வாய்க்காலையே குப்பைத்தொட்டி ஆக்கிய ஆட்களுக்கு என் கோட்டில் கறை இருக்கக் கூடாது.

மச்சான் போனில், "விடு ரிஃப்கா, நிம்மதின்னு நெனச்சுக்க" என்றார். மாமி சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். "அந்த அய்யரு ஒரு பையத்தான் வச்சாரு. ஒரு லாரி கொண்டுபோய்க் கொட்டிருக்கணும் அவனுவ தலையில" என்றார்.

செப்டம்பர் 2 – செவ்வாய்

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் கூட்டம் ரோடு நிறைய. பேப்பர் கப், தட்டு, தண்ணீர் பாக்கெட். வேண்டுதலோடு நடக்கிறவர்கள் போகிற வழியெல்லாம் போட்டுக்கொண்டே போகிறார்கள். அன்னதானம் போடுகிறவர்கள் அதற்கு மேல். பார்த்தால் எல்லோர் மேலும் வெறுப்பு வருகிறது. இது நல்லதில்லை என்று தெரிகிறது. வருகிறதே.

ஆனந்தம் அக்கா வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். வாய்க்கால் பாசனக்காரர்கள் எல்லாம் சேர்ந்து கரையில் லாரியை மறித்துவிட்டார்களாம், திரும்பவும் கொட்ட விடவில்லையாம். லாரி குப்பையோடு நகராட்சி வாசலில் வந்து நின்றிருக்கிறது. சேர்மனால் உள்ளே உட்கார முடியவில்லை. நாங்கள் பேசியதற்கு அசையாதவர்கள் நாற்றத்துக்கு அசைந்திருக்கிறார்கள். மன்றத்தில் தீர்மானம் வருகிறதாம்.

அக்டோபர் 14 – செவ்வாய்

தீர்மானம் நிறைவேறி, நடைமுறைக்கும் வந்துவிட்டது. இனி எடைக்குப் பில் இல்லை. பிரித்து வாங்கும் வீடுகளுக்குத்தான். ஷெட்டைத் திறந்து, பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். வாய்க்கால் கரையைச் சுத்தம் செய்தார்கள். கல்யாணம் சார் சம்பாவுக்கு நேரடியாக விதை தெளித்திருக்கிறார்.

நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் பஸ் ஸ்டாண்டில் பேனர்: 'பிரித்தெடுக்கும் புரட்சி நாயகர்' மதிவாணன், இரண்டு கையிலும் டப்பா. பக்கத்தில் தியாகராசன் சார் சிரிக்கிறார். கம்பெனி? அதே கம்பெனி. சேற்றை அள்ளிப் போட்டவர்களுக்கே பிரிக்கிற காசும்.

வேலைக்குத் திரும்ப வா என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனா?

ஜூலையிலிருந்தே எங்கள் வீட்டில் ஒரே டப்பாதான். எல்லாம் அதில்தான். வண்டி வந்தால் கட்டிக் கொடுத்துவிடுவேன். ஆனந்தம் அக்கா ஒன்றும் சொல்வதில்லை. போங்கடா, உங்க பச்சையும் நீலமும்.

நவம்பர் 20 – வியாழன்

காலையிலிருந்து தூறல். கதவு தட்டிய சத்தம் கேட்டுத் திறந்தேன். பச்சைக் கோட்டில் ஒரு சின்னப் பெண். சுடிதார் முழங்கால் வரை சேறு. ஸ்ம்ருதி என்று பெயர் சொன்னாள். புதுப் பரப்புரையாளர். என்னை யாரென்று தெரியவில்லை.

"அக்கா, ஒங்க வீட்டுல மட்டும் கலந்து வருதுன்னு ஷெட்ல சொன்னாங்க. டப்பாவ பாக்கலாமாக்கா?"

மறுக்க நினைத்தேன். அதற்குள் அவளே மூடியைத் திறந்துவிட்டாள். முகம் சுருங்கியது. உடனே சரிசெய்துகொண்டாள். எங்களுக்கெல்லாம் அது பழகிவிடும்.

"இத அங்க கையாலதான்க்கா பிரிக்கறாங்க. நேத்து ஒங்க பையில ஒடஞ்ச கண்ணாடி. ஒரு அம்மாவுக்கு உள்ளங்கை கிழிஞ்சு தையல் போட்டுருக்கு."

கண்ணாடி. திங்கட்கிழமை என் கை தவறி விழுந்த டம்ளர்.

மாமி உள்ளேயிருந்து வந்தார். "ஏ புள்ள, யாருக்கு வந்து பாடம் எடுக்குற? இவ யாரு தெரியு—"

"மாமி, வேணாம்" என்றேன். பிறகு அந்தப் பெண்ணிடம், "சொல்லும்மா" என்றேன்.

அவள் முழுவதும் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். கடைசி வரை கேட்டேன். நாளைக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

டப்பாவைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போய், சாக்கை விரித்து அப்படியே கவிழ்த்தேன். புளித்த சோறு, இறால் தோல், மாமியின் மாத்திரை அட்டை, ஊறிப்போன பேப்பர். புழு நெளிந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தேன்.

தூறல் வலுத்தது. மாமி வந்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் என் தலைக்கு மேல் குடையைப் பிடித்தபடி, நான் முடிக்கிற வரைக்கும் நின்றார்.