பச்சைக் கருவாடு

செப்டம்பர் 2, செவ்வாய்

நாளை கருக்களாச்சேரிப் பெண்களுக்குப் பசுமைத் தொழில்நுட்பத்தை அறிமுகம் செய்ய வேண்டும். தொண்டு நிறுவனத்தில் எனக்குக் கொடுத்த முதல் ஊர். இது நன்றாகப் போனால் வேலை நிரந்தரமாகலாம். மேலதிகாரி செம்பியன் சார் தந்த உரையைப் படித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. கருவாடு போடுகிறவர்களிடம் போய் 'பசுமை' என்றா பேசுவது? எல்லா இடத்திலும் 'பச்சை' என்று மாற்றிவிட்டேன். ஆக்சிலியா, கெட்டிக்காரிதான் நீ.

செப்டம்பர் 3

நன்றாகவே போனது. சூரிய உலர்த்தியைக் காட்டினேன். பிளாஸ்டிக் கூடாரம், உள்ளே வலைத் தட்டுகள், சூரியத் தகட்டில் ஓடும் சின்ன மின்விசிறி. வெயில் உள்ளே வரும், சூடு தங்கும், ஈரத்தை விசிறி வெளியே தள்ளும். மணல் ஒட்டாது, ஈ மொய்க்காது. டீசலும் கரியும் எரிக்கிற புகைதான் கடலைச் சூடாக்குகிறது, அதனால்தான் புகையில்லாத வழிகள் வேண்டும் என்றேன்.

"கடலு சூடாவுறது எங்களுக்குத் தெரியாதா மேடம்? மீனு எங்க போச்சுன்னு எங்க வூட்டுக்காரரு தேடிக்கிட்டுல்ல இருக்காரு" என்றார் பவுனம்மாள்.

முடிக்கும்போது, "இதுல வர்றதுதான் பச்சைக் கருவாடு!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 5

பவுனம்மாள் மட்டும் முன்வந்தார். கையிலிருந்த வாளை மீன் முழுவதையும் உள்ளே வைத்துவிட்டார்.

செப்டம்பர் 11

அத்தனையும் பூஞ்சை. வியாபாரி மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிவிட்டாராம்.

செம்பியன் சார் போனில், "மெஷின்ல கோளாறா?" என்றார்.

"இல்ல சார், அந்தம்மா சீக்கிரம் எடுத்துட்டாங்க."

பொய் இல்லை. ஆனால் ஏன் எடுத்தார்? நான் கேட்கவே இல்லை.

செப்டம்பர் 12

இன்று கேட்டேன், அவர் மருமகள் ஜெயப்ரியாவிடம்.

"நீங்கதானே பச்சைக் கருவாடுன்னீங்க? பச்சைன்னா காயாததுதானே. டவுன்ல இப்ப அப்புடித்தான் கேக்குறாங்க போலன்னு அத்தை பாதி ஈரத்துலயே எடுத்துட்டாங்க."

ஐயோ. வாசலில் கூடைக்காரம்மாவைக் கூப்பிட்டுப் பச்சை மீன் வாங்குகிறவள் நான். காரைக்காலிலேயே பிறந்து வளர்ந்தவள். எனக்கு எப்படித் தோணாமப் போச்சு? அன்னிக்கு அவங்க சிரிச்சது அதுக்குத்தானா?

ஜெயப்ரியா இன்னொன்றும் சொன்னாள். யார் கேட்டாலும் 'என் கைத் தப்புதான்' என்கிறாராம் பவுனம்மாள். உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடுமாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாதா கோவில் பூசையில் 'என் பாவமே' என்று மார்பில் தட்டும்போது, பவுனம்மாளின் 'என் கைத் தப்புதான்' என்பதே காதில் கேட்டது.

செப்டம்பர் 19

திடீர் மழை. மணலில் கிடந்த மீனெல்லாம் நனைந்துவிட்டது. பக்கத்திலேயே உலர்த்தி காலியாக நிற்கிறது. பவுனம்மாள் கெடுத்த கதையைச் சொல்லி யாரும் கிட்டே போகவில்லை. அவர் மட்டும், "எப்புடியும் ஊசிப்போவப் போவுது, இதுல கெடக்கட்டும்" என்று தன் மீனை அள்ளி உள்ளே வைத்தார்.

தனியாகப் பார்த்து, தப்பு என்னுடையது என்றேன்.

"தெரியும் மேடம்." தட்டை உள்ளே தள்ளினார். "அவளுங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்றேன்."

சொல்லவில்லை. வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் — சே, என்ன பொம்பள நான்!

செப்டம்பர் 23

பவுனம்மாளின் கருவாடு சடக்கென்று ஒடிகிறது. மணல் இல்லை, வாடை இல்லை. இப்போது எல்லோருக்கும் உலர்த்தியில் ஒரு தட்டு வேண்டுமாம். "இந்தத் தடவதான் பவுனம்மா ஒழுங்கா எடுத்திருக்கா" என்று அவரைக் கேலி செய்கிறார்கள். அவரும் சிரிக்கிறார். நான் குனிந்து, யார் யாருக்குத் தட்டு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 7

பக்கத்து ஊர் திருவேட்டக்குடியில் உலர்த்தி அறிமுகக் கூட்டம். கருக்களாச்சேரிப் பெண்களையும் வேனில் கூட்டிப் போயிருந்தோம். செம்பியன் சார் முன்வரிசையில். இந்த முறை பேசியது பவுனம்மாள்.

"வெயிலு சும்மாத்தானே அடிக்குது? அதப் புடிச்சு உள்ள வெச்சுக்கிட்டா மழை வந்தாலும் மீனு தப்பிக்கும். அவ்வளவுதாங்க இது."

அந்த ஊர்ப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மொத மூட்டை கெட்டுப்போச்சாமே, ஏன்?"

பவுனம்மாள் வாயைத் திறந்தார். 'என் கைத் தப்பு' என்பார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அத மேடம் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எழுந்து சொன்னேன், முழுவதும். செம்பியன் சாரிடம் 'அந்தம்மா சீக்கிரம் எடுத்துட்டாங்க' என்றதையும் சேர்த்து. சார் கூட்டம் முடியும் முன்பே பைக்கில் கிளம்பிவிட்டார்.

வேனில் கடைசியாக ஏறினேன். பவுனம்மாள் தன் பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.