பிரிண்டருக்குள் தேங்கி நின்ற வரி

புனே

அன்புள்ள அப்பாவுக்கு, கலையரசன் எழுதிக்கொள்வது. சங்ககிரியில் நீங்களும் அம்மாவும் சுகந்தானே? லாரிக்குத் தார்ப்பாய் கட்டும்போது பிடித்துக்கொண்ட இடுப்பு வலி விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன்.

போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆபீசில் எல்லாரும் விண்டோஸ் வைத்திருக்க, நான் மட்டும் வீம்புக்கு, யாரும் கேள்விப்படாத ஓர் இலவச இயங்குதளத்தை என் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறேன். புதிதாக வந்த பிரிண்டரை அதிலும் ஓட்டிக் காட்டுகிறேன் என்று மேனேஜரிடம் பெருமையடித்தேன். காலை முழுக்கப் பிரிண்ட் கொடுத்தும் ஒரு தாள்கூட வரவில்லை. தமிழ் எழுத்து சரியாக விழுகிறதா என்று பார்க்க, மனதில் வந்த ஒரு வரியை அடித்து, அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு வந்து செட்டிங்கில் ஏதோ ஒன்றை மாற்றினேன். உள்ளே தேங்கி நின்றதெல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது, அதுவும் மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது. தரையெல்லாம் தாள். எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில், “ஏனுங்கப்பா, நான் ஊட்டுக்கு வந்தரட்டுங்களா?”

என்ன எழுதியிருக்கிறது என்று தமிழ் தெரியாத மேனேஜர் கேட்டார். நான் குனிந்து தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். கூட வேலை செய்யும் ஈரோட்டுப் பெண் தேவிப்ரியாதான், “பிரிண்டர் வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறார்” என்று சொல்லிக் காப்பாற்றினாள். அவள் முகத்தை இன்னும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் சொல்லி என் பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

மேனேஜர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். வீணாய்ப்போன தாள் ஒன்றின் பின்பக்கத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன். திருப்பினால் அந்தக் கேள்வி இருக்கும். அதற்குப் பதில் எழுதிவிடாதீர்கள், அப்பா.

தங்கள் மகன்
கலையரசன்