வராதவர்களுக்கு நாலு இருக்கை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டு பேரும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இங்கே பொழுது போகிறது. அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை, போனில் சொல்ல வாய் வராமல் எழுதுகிறேன்.

மேட்டுத் தெருவுக்கு பேட்டரி பஸ் வருகிறது என்று சொன்னேனே, எட்டுப் பேர் உட்காரும் சின்ன வண்டி, புகை கிடையாது, சத்தம் கிடையாது, பூனை மாதிரி வாசலில் வந்து நிற்கும். ஆனால் மேடு ஏறினால் சார்ஜ் மளமளவென்று இறங்கிவிடுமாம், அதனால் முந்தின நாளே நாலு பேராவது போனில் இடம் சொல்லி வைத்தால்தான் மேலே வரும், இல்லையென்றால் கீழ் வளைவோடு திரும்பிவிடும். தெருவில் இருப்பதே பதினோரு வீடு, தினமும் நாலு பேருக்கு நான் எங்கே போவது? அம்மாவால் வளைவு வரை நடக்கவும் முடியாது, அவளுக்கு எந்த நாள் வண்டி தேவைப்படுமோ அதுவும் தெரியாது. அதனால் உங்கள் நாலு பேர் பெயரையும் தினமும் சொல்லி வைத்தேன். வண்டி வந்ததும் ஓட்டுநர் தம்பியிடம் 'அவங்க வரலப்பா' என்பேன், அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். மூன்று மாதமாக இதே கூத்து. உன்னிடம் மறைப்பானேன், வண்டிக்காக மட்டும் இல்லையம்மா. போன் எடுக்கிற பெண் 'நாளைக்கு உங்க பொண்ணு வீட்டுல நாலு பேரு, சரிதானே சார்?' என்று கேட்கும்போது எனக்கு அது சுகமாக இருந்தது.

போன திங்கள்கிழமைக்கு நம் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் போகிற டீச்சர்கள் நாலு பேர் இடம் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் நாலோடு வண்டி நிறைந்துவிட்டது. உனக்குச் சீருடை தைத்துக் கொடுத்த தையல் அத்தைக்கு இப்போது சிறுநீரகக் கோளாறு, வாரம் இரண்டு நாள் டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். அவளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். விடிந்ததும் கீழே நடந்து பால் வண்டியைப் பிடித்துப் போயிருக்கிறாள், அதற்குள் அவள் முறை போய்விட்டது, மாலையில் மூச்சு முட்டவே ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். பாதி காலியாகப் போன வண்டியைப் பற்றி அவள் புருஷன் சத்தம் போட, ஓட்டுநர் தம்பியை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்போதும் அந்தத் தம்பி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நேற்று பஸ் ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். தம்பிக்கு வேலை திரும்பக் கிடைத்தது, இனி இடம் சொல்ல முடியாதபடி நம் வீட்டு போன் நம்பரை நீக்கிவிட்டார்கள், அம்மா என்னோடு பேசுவதில்லை. அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் தையல் அத்தையே என் கையைப் பிடித்துக்கொண்டு, 'உங்க பொண்ணு குடும்பத்தோட வந்திருக்காளாமே, போன் எடுத்த பொண்ணு சொல்லுச்சு, இத்தனை வருஷம் கழிச்சு வந்த புள்ள போகட்டும்னுதான் நான் மல்லுக்கு நிக்கல. புள்ளைங்க வளர்ந்துட்டாங்களா அண்ணே?' என்று கேட்டாள். ஆபீசில் ஒப்புக்கொண்டதை அவளிடம் சொல்லவில்லை. வளர்ந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாளைக்கு அவளிடம் உள்ளதைச் சொல்ல மறுபடி போகிறேன். நீங்கள் எல்லோரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று, நாளைக்கும் என்னால் முடியாமல் போய், தையல் அத்தை உனக்குப் போன் செய்தால் எனக்காகப் பொய் சொல்லாதே.

உன் அப்பா