ஜெனலின் மாற்றிய கேள்வி

அன்பு மகள் ரோவேனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். புயல் வேறு பக்கம் போய்விட்டது, கூரைத் தகரம் தப்பியது. ஹாங்காங்கில் நீ பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு இடுப்பு தேறிவிட்டதா?

உன் மகள் ஜெனலினை அந்தப் பல்கலைக்கழகக் குழுவிலிருந்து நிறுத்தச் சொல்லியிருந்தாய். இளம் பிள்ளைகளின் மனநலத்தை ஆராய வந்தவர்கள், பிள்ளைகளையே கூட வைத்துக்கொண்டு ஆராய்கிறார்கள். அவர்கள் மேல் உன்னைவிட எனக்குக் கோபம் அதிகம். அவளை வளர்ப்பவன் நான், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியவர்களை மாதா கோயில் கூடத்துக்கு அழைத்துக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, கையில் ஒரு ரொட்டியைக் கொடுத்தார்கள். யாரிடமும் படிக்காமல் இந்த ஊர்ப் படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டுகிறவன் நான்.

பேராசிரியர் பிள்ளைகளிடம், சமீபத்தில் நம்பிக்கை இழந்ததுண்டா என்று கேட்டார். எல்லாரும் சிரித்துக்கொண்டே இல்லை என்றார்கள். அப்போது ஜெனலின் எழுந்தாள்.

"சார், இப்படிக் கேட்டா எங்க ஊர்ல யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க. பேசாம படுத்துக் கிடந்தா, வீட்டுல முறுக்கிக்கிட்டு இருக்கான்னு நினைப்பாங்க. பிடிச்சதை ஆக்கி வாசல்ல வச்சுட்டு, தானா வரட்டும்னு காத்திருப்பாங்க. யார் மேல கோபம்னு கேளுங்க. யார் மேலயும் இல்லன்னு சொல்றவங்க பக்கத்துல போய் உட்காருங்க."

பக்கத்திலிருந்த தோமாசா, "உன் வீட்டுக் கதை மைக்குல வருதே, கிரிசாந்தோ" என்றாள். அவள் வீட்டுக் கதைக்கு மைக்கே தேவையில்லை என்றேன்.

ஜெனலின் அப்படிப் படுத்துக் கிடந்தபோது, நீ கிறிஸ்துமஸுக்கு வராத கோபம் என்றுதான் நான் அவள் கதவருகே நூடுல்ஸ் சூப் வைத்தேன். சின்ன வயதில் நீ முறுக்கிக்கொண்டால் மறுநாளே காலிக் கிண்ணத்தோடு வந்து நிற்பாய். அவள் கிண்ணம் நிறைந்தபடியே இருந்தது. நான் செய்தது தப்பென்று இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அவளை எழுப்பியது என் சூப் அல்ல. அந்தக் குழுப் பெண் ஒருத்தி தினமும் வந்து, எதுவும் கேட்காமல் கூடவே உட்கார்ந்திருந்தாள்.

பேராசிரியர் கேள்வியை மாற்றிவிட்டார். யார் மேலும் கோபமில்லை என்று சொன்னவர்களில் தோமாசாவின் பேரனும் ஒருவன். அவளே வந்து சொன்னாள். இப்போது சனிக்கிழமைகளில் ஜெனலின் போய் அவனோடு உட்காருகிறாள். "அவளை நிறுத்திடாத, கிரிசாந்தோ" என்று தோமாசா என் வீட்டு வாசலில் நின்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

நிறுத்த மாட்டேன், ரோவேனா. மனநோய்க்காரி என்று ஊர் பேசும், நர்சிங் கல்லூரியில் சேர்க்க மாட்டார்கள் என்கிறாய். ஊருக்கு நான் பதில் சொல்கிறேன். அந்தப் பேராசிரியரிடமும் கடைசி வரிசையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது சாப்பாடும் படிப்பும் விசாரித்துவிட்டு வைத்துவிடாதே. அவள் பேசாவிட்டாலும் கொஞ்ச நேரம் இரு.

சொன்னதைக் கேட்கவில்லை என்று என்னைத் திட்டி எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. உனக்கு யார் மேலும் கோபமில்லை என்று மட்டும் எழுதிவிடாதே, மகளே. அங்கே உன் பக்கத்தில் உட்கார யார் இருக்கிறார்கள்?

மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா,
கிரிசாந்தோ