உருகிப்போன கிரகம்

அன்பு அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி குறைந்ததா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். மேஜைமேல் ஆடும் விண்வெளிப் போர் விளையாட்டுகளுக்குக் கிரகங்கள் செய்யும் என் வேலையும் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் ஒரு வேடிக்கை. தெர்மோகோல் உருண்டைக்கு முதலில் பசை பூசிக் காயவைக்க வேண்டும். அவசரத்தில் அதை மறந்து ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துவிட்டேன். பெயிண்ட் தெர்மோகோலைத் தின்று, கால்பந்து அளவுக் கிரகம் பொக்கைவாய்போல் குழிந்துவிட்டது.

“யாரு பாத்த வேலை இது?” என்று முதலாளி கத்தினார். நான் பெயிண்ட் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெயிண்டர் அண்ணன், “நான்தான் சார்” என்றார். பிறகு என்னிடம், “விடும்மா, சனி தொலைஞ்சதுன்னு வச்சுக்கோ” என்று சிரித்தார்.

அவரைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இடத்தில் இப்போது நான் உட்கார்ந்து, கறுப்புத் துணியில் வெள்ளைப் பெயிண்டைத் தெளித்து நட்சத்திரங்கள் செய்கிறேன். அவர் அந்தப் பக்கம் வந்தால் நிமிர்ந்து பார்க்கவே கூசுகிறது. அவரோ தினமும், “சாப்டியாம்மா?” என்று கேட்கிறார்.

உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு, தூரிகை துடைக்கத்தான். துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

முதலாளி வந்துவிட்டார் அம்மா. தைரியம் போவதற்குள் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

உன் மகள்