தோய்க்காத சேட்

ஒக்டோபர் 12, 2006. வியாழன்

காலையில் இரண்டு பாகை. தூறல். டோர்வல் எயார்போர்ட்டில் நாலு நாள் லீவு சொல்லியாயிற்று. பதினாறு வருடமாக ஊராரின் பெட்டிகளை விமானத்தில் ஏற்றி இறக்கியவன். இன்று என் கையில் வெற்றுச் சூட்கேஸ். மகன் ஜெறோமின் சாமான்களை எடுத்துவர. பிள்ளையைப் புதைத்து ஏழு கிழமை.

எடுக்க: பாஸ்போர்ட். மரணச் சான்றிதழ் பிரதி. மெல்லிய சேட் 2. பிரஷர் குளிசை.

ஜெசி கட்டிலை விட்டு எழும்பவில்லை. சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"புத்தகம், கொம்பியூட்டர் ஒண்டும் எனக்கு வேண்டாம். பிள்ளை போட்டுக் கழட்டின சேட் ஒண்டு. தோய்க்காதது. அவன்ர மணம் வேணும் எனக்கு."

"ஓம். கொண்டு வாறன்."

ஏழு கிழமையில் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

ஒக்டோபர் 13, வெள்ளி

அரிசோனா. 35 பாகை. ஒரு முகில் இல்லை. பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். கள்ளி, மண், மொட்டை மலை, திரும்பவும் கள்ளி. திடீரென்று ஊர். ஊர் முழுக்கப் படிக்கிற பிள்ளைகள். சைக்கிள், பாட்டு, சிரிப்பு. இத்தனை பேரும் றோட்டைக் கடக்கிறார்கள். கார் என்னுடையவனுக்கு மட்டும்தானா வர வேண்டும்?

அவனோடு அறையில் இருந்தவன் மார்க்கோ. நல்ல பிள்ளை. வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுதான். மேசையில் ஜெறோமின் உடுப்பெல்லாம் கடையில் போல அடுக்கியிருந்தது. படுக்கை விரிப்பு, துவாய், காலுறை கூட.

"உங்களுக்குக் கஷ்டம் வேண்டாமென்று எல்லாவற்றையும் நானே தோய்த்துவிட்டேன்" என்றான்.

ஒவ்வொன்றாக மூக்கில் வைத்துப் பார்த்தேன். சவர்க்காரம். சவர்க்காரம். கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். ஒன்றும் இல்லை.

"தாங்க்யூ" என்றேன். அந்தப் பிள்ளைக்கு வேறென்ன சொல்ல?

ஐயோ ஜெசி.

ஒக்டோபர் 14, சனி

36. விடியும்போதே மேளம். பல்கலைக்கழகத்தில் இன்று ஏதோ மட்ச்.

உடுப்புத் தோய்க்கும்போது ஜெசி ஏசுவாள். "அப்பனுக்கும் மோனுக்கும் ஒரே வேர்வை நாத்தம்." பல் தீட்டும்போது நினைவு வந்தது.

பத்து மணிக்கு அவனுடைய மஞ்சள் சேட்டைப் போட்டேன். நெஞ்சில் கல்லூரிப் பெயர். வயிற்றில் இறுக்கம். நடந்தேன். கோதாரி விழுந்த ஊர், வேர்வை வந்த கையோடு காய்ந்துவிடுகிறது. ஊருக்குப் பின்னால் இருக்கிற மலையில் இரண்டு தரம் ஏறி இறங்கினேன். முழங்கால் போய்விட்டது.

கீழே முகத்தில் சாயம் பூசிய கூட்டம். என் சேட்டைக் கண்டு கூவினார்கள். ஒரு பெண்பிள்ளை கையை உயர்த்தினாள், நானும் தட்டினேன்.

"உங்கள் பிள்ளையும் இங்கேயா படிக்கிறார்?"

இரண்டாம் வருடம் என்றேன். "சூப்பர்!" என்று ஓடிவிட்டாள்.

அறைக்கு வந்து கழற்றினேன். முதுகில் உப்புக் கோடு. மணந்து பார்த்தேன். என் மணம் எனக்குத் தெரியவில்லை. மாதாவே, இது பாவமென்றால் என் தலையில் விழட்டும்.

ஒக்டோபர் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. சூட்கேசைக் கையில் தூக்கிப் பார்த்தேன். முப்பத்தெட்டு இறாத்தல். விமான நிலையத் தராசும் அதையே காட்டியது. பத்தொன்பது வயதுப் பிள்ளை, இவ்வளவுதான். மஞ்சள் சேட் தனியாக, பிளாஸ்டிக் பையில்.

மொன்ரியலில் மழை.

வீட்டுக் கதவைத் திறந்தால் ஜெசி நிற்கிறாள். எழும்பி, தலை இழுத்துச் சீவி. ஜக்கெற் கழற்ற முன்னமே கையை நீட்டினாள். கொடுத்தேன். முகத்தில் வைத்து அமத்தினாள். நான் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"அவன்தான்" என்றாள். "என்ர பிள்ளைதான்."

பிறகு இரண்டு பிடி பிட்டுச் சாப்பிட்டாள். சேட்டைப் பையில் போட்டு வாயை இறுக்கி முடிந்தாள். அலுமாரியில் வைக்கலாமென்று கை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"நீங்க தொடாதேங்கோ. உங்கட மணம் ஏறிடும்."