அந்தக் கொப்பி என்னுடையது

பினாங்கு,
சுபானு வருடம், ஆவணி மாதம்

அன்புள்ள மகள் யோகலட்சுமிக்கு அப்பா எழுதிக்கொள்வது. சிரம்பானில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுத இன்று கை வரவில்லை. தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள், அதனால் லாரி ஓட்டும் முகம்மது சுல்தானிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தம்பி கார்த்திகேசுவை ஜப்பான்காரர் பிடித்துக்கொண்டு போய் இன்றோடு பதினேழு நாள். ரேடியோ தேடி வீடு வீடாக ஏறினார்கள், நம் வீட்டில் ரேடியோ இல்லை, என் கொப்பிதான் கிடைத்தது. கந்தோரில் கடிதமும் கணக்கும் எழுதும் கிராணிமார் ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதித் தொலைக்கும் இங்கிலீஷ் சொற்களை, அஃபெக்ட் இந்தப் பக்கம் எஃபெக்ட் அந்தப் பக்கம் என்று ஜோடி ஜோடியாக எழுதிவைத்திருந்தேனே, அதுதான். வெள்ளைக்காரன் ஓடிய அன்றே அடுப்பில் போடச் சொல்லி உன் அம்மா தலைதலையாய் அடித்துக்கொண்டாள். முந்நூறு ஜோடி சேர்த்த பெருமை, எனக்கு மனம் வரவில்லை, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அரிசியே இல்லாத வீட்டில் அது ஒரு மறைவா? பக்கத்துக்குப் பக்கம் ஒரே மாதிரி இரண்டிரண்டு சொல், ஓரத்தில் சிவப்புப் புள்ளி, உளவுக்காரரின் இரகசியக் குறிப்பு என்று முடிவு கட்டிவிட்டார்கள். யார் எழுதியது என்று துபாஷி கேட்டபோது என் நாக்கு எழவில்லை. அது என்ரை கொப்பிதான் ஐயா என்று தம்பி முன்னால் போய் நின்றான். எழுதிக் காட்டச் சொன்னார்கள், அச்சாக அதே கையெழுத்து. கிராணி உத்தியோகத்துக்கு எழுத்து அழகுதான் முக்கியம் என்று ஐந்து வயதிலிருந்து என் எழுத்தின் மேலேயே எழுதவைத்துப் பழக்கிய பாவி நான்தானே.

மூன்றாம் நாள் போய், எழுதியது நான் என்றேன். என்னையும் எழுதச் சொன்னார்கள். பட்டினியோ பயமோ, கை நடுங்கி ஓர் எழுத்துக்கூடச் சேரவில்லை, இந்தக் கடிதத்தின் கோணலைப் பார்த்தாலே உனக்கு விளங்கும். மகனைக் காப்பாற்றக் கிழவன் பொய் சொல்கிறான் என்று சிரித்துத் தள்ளிவிட்டார்கள். உன் அம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கில் அவன் பங்கைத் தினமும் மூடிவைக்கிறாள்.

நீ கல்யாணமாகிப் போன வருடம், உன் இங்கிலீஷ் மறந்துவிடக்கூடாதென்று நான் எழுதிய கடிதங்களை வைத்திருக்கிறாய் அல்லவா, அவற்றைச் சுல்தானிடமே கொடுத்துவிடு. எல்லாவற்றிலும் தேதி உண்டு, அப்போது தம்பிக்கு எட்டு வயது. நான் கொண்டுபோய்க் காட்டினால், கொப்பியில் இருப்பது யார் கையெழுத்து என்று அவர்களுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பிறகு அவனை விடுவார்களோ, இருவரையும் வைத்துக்கொள்வார்களோ, எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நீ வெளியில் இங்கிலீஷ் பேசாதே, புத்தகம் ஏதும் இருந்தால் இன்றே எரித்துவிடு.

உங்கள் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். கடிதங்களை மறந்துவிடாதே. பெற்ற தகப்பனை நானே பிடித்துக்கொடுப்பதா என்று யோசித்து நாளைக் கடத்தாதே பிள்ளை. பிறந்த நாள் முதல் அவன் சொன்ன ஒரே பொய் அது, அதற்காக அவன் சாகக்கூடாது.

உன் அப்பா,
சி. விநாசித்தம்பி